‘கிளாஸ் நாட் ஃபவுண்ட்’ வந்தால் முதலில் எதைப் பார்ப்பது? வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை, வெப்சைட் எழுதும் மொழியான பிஎச்பி பற்றி வந்த கேள்விகளில் நிறைய, ஒரே எரரைச் சுற்றியவை. கிளாஸ் இருக்கிறது, கண்ணெதிரே ஃபைல் இருக்கிறது, ஆனாலும் ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட்’. அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். பதிலுக்குப் போகும் முன் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த எரரில் மேற்கோள் குறிக்குள் ஒரு பெயர் வரும், அதை முழுதாகப் படியுங்கள். பிஎச்பி எந்தப் பெயரைத் தேடிப் போய் ஏமாந்தது என்பதை அது மறைக்காமல் சொல்கிறது. பாதிப் பேர் அந்தப் பெயரை விட்டுவிட்டு ‘கிளாஸ் கிடைக்கலையாம்’ என்று மட்டும் எழுதுகிறார்கள். அந்தப் பெயர் இல்லாமல் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது.

கோட் வரிகளையும் இங்கே தமிழ் எழுத்தில்தான் தந்திருக்கிறோம், எடிட்டரில் நீங்கள் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருப்பூர் வாசகர்): ஃபைலின் மேலேயே ‘யூஸ் ஆப்\சர்வீசஸ்\பில்மேக்கர்’ என்று எழுதியிருக்கிறேன். பில்மேக்கர் ஃபைலும் சர்வீசஸ் ஃபோல்டரில் இருக்கிறது. ஆனாலும் கிளாஸ் "ஆப்\சர்வீசஸ்\பில்மேக்கர்" நாட் ஃபவுண்ட் என்கிறது. யூஸ் போட்டால் ஃபைல் தானாக உள்ளே வந்துவிடும்தானே?

பதில்: வராது. இந்த ஒரு எண்ணத்தால்தான் பலர் நாள் முழுக்க மாட்டிக்கொள்கிறார்கள். யூஸ் வரி எந்த ஃபைலையும் திறப்பதில்லை. ‘இந்த ஃபைலுக்குள் பில்மேக்கர் என்று நான் சுருக்கமாக எழுதினால் ஆப்\சர்வீசஸ்\பில்மேக்கர் என்று எடுத்துக்கொள்’ என்று பிஎச்பிக்குச் சொல்லும் குறுக்குப் பெயர் மட்டுமே அது. இல்லாத கிளாஸுக்கு யூஸ் போட்டாலும் பிஎச்பி வாயே திறக்காது, அந்தக் கிளாஸை நீங்கள் பயன்படுத்தும் வரியில்தான் எரர் வரும்.

ஃபைலைத் திறப்பது ஆட்டோலோடர். நியூ பில்மேக்கர் என்ற வரி ஓடும்போது, அந்தக் கிளாஸ் ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கிறதா என்று பிஎச்பி பார்க்கும். இல்லையென்றால், எஸ்பிஎல்_ஆட்டோலோட்_ரெஜிஸ்டர் மூலம் பதிவு செய்யப்பட்ட ஃபங்ஷன்களை வரிசையாகக் கூப்பிட்டு, முழுப் பெயரையும் ஒரு ஸ்ட்ரிங்காகக் கையில் கொடுக்கும். இன்றைக்கு அந்த ஃபங்ஷன் பெரும்பாலும், பிஎச்பி லைப்ரரிகளை இறக்கி நிர்வகிக்கும் கம்போசர் என்ற கருவியுடையது. அது கம்போசர்.ஜேசன் ஃபைலில் உள்ள பிஎஸ்ஆர்-4 (கிளாஸ் பெயரையும் ஃபைல் பாதையையும் பொருத்தும் பொது விதி) பகுதியின்படி வேலை செய்யும். அங்கே "ஆப்\\": "எஸ்ஆர்சி/" என்று இருந்தால், பெயரின் முன்னால் உள்ள ஆப்\ என்பதை வெட்டி எறிந்துவிட்டு எஸ்ஆர்சி/ என்று வைக்கும், மிச்சமுள்ள பேக்ஸ்லாஷை எல்லாம் ஃபோல்டர் கோடாக மாற்றும், கடைசியில் .பிஎச்பி சேர்க்கும். ஆக எஸ்ஆர்சி/சர்வீசஸ்/பில்மேக்கர்.பிஎச்பி. அந்த இடத்தில் ஃபைல் இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் கையை விரித்துவிடும். வேறு எங்கும் போய்த் தேடிப் பார்க்காது.

ஃபைல் திறந்த பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. நேம்ஸ்பேஸ் என்பது கிளாஸ் பெயருக்கு முன்னால் வரும் குடும்பப் பெயர் மாதிரி. உள்ளே நேம்ஸ்பேஸ் ஆப்\சர்வீசஸ் என்ற வரி இருக்க வேண்டும், கிளாஸ் பெயர் பில்மேக்கர் என்றே இருக்க வேண்டும். நேம்ஸ்பேஸ் வரியை எழுத மறந்தாலோ, வேறு ஃபைலிலிருந்து காப்பி எடுத்தபோது ஆப்\மாடல்ஸ் என்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தாலோ, ஃபைல் திறந்தும் பயன் இல்லை, கிடைத்த கிளாஸ் வேறு ஒன்று. உங்கள் கேள்வியைப் பார்த்தால் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று தோன்றுகிறது. இன்னொரு வாய்ப்பு, நீங்கள் நேரடியாகப் பிரவுசரில் திறக்கும் அந்த முதல் ஃபைலில் வெண்டர்/ஆட்டோலோட்.பிஎச்பி என்பதை ரிக்வயர் செய்யாமல் விட்டிருப்பது. அது இல்லையென்றால் கம்போசரின் ஆட்டோலோடரே பதிவாகியிருக்காது, கூப்பிட ஆள் இல்லை.

எது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பில்மேக்கர் ஃபைலில், நேம்ஸ்பேஸ் வரிக்குக் கீழே, எக்கோ "வந்துவிட்டேன்" என்று ஒரு வரி போட்டு ஓட்டிப் பாருங்கள். அந்த வார்த்தை திரையில் வந்தும் எரர் வந்தால், தப்பு ஃபைலுக்குள்ளே. வார்த்தையே வரவில்லை என்றால், தப்பு பாதையிலோ ஆட்டோலோடர் பதிவிலோ. இந்த ஒரு சோதனை தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

அப்புறம், கோபத்தில் அந்த இடத்திலேயே ரிக்வயர் போட்டு ஃபைலை இழுக்காதீர்கள். அந்தப் பக்கம் ஓடிவிடும். ஆனால் அடுத்த பக்கத்தில் அதே எரர் காத்திருக்கும், பெயர்ப் பொருத்தம் இல்லாத தப்பும் அப்படியே கிடக்கும்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): வேர்ட்பிரஸ் பிளகின் ஒன்று எழுதுகிறேன். நேம்ஸ்பேஸ் ஷாப்லிஸ்ட் என்று மேலே போட்டேன். கெட்_ஆப்ஷன் வேலை செய்கிறது. ஆனால் நியூ டபிள்யூபி_கொயரி என்றால் கிளாஸ் "ஷாப்லிஸ்ட்\டபிள்யூபி_கொயரி" நாட் ஃபவுண்ட் என்று நிற்கிறது. இரண்டுமே வேர்ட்பிரஸ் தருவதுதானே, ஏன் இந்த ஓரவஞ்சனை?

பதில்: நல்ல கேள்வி, எரரையும் முழுதாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், நன்றி. ஃபங்ஷனுக்கும் கிளாஸுக்கும் பிஎச்பியில் விதி வேறு. நேம்ஸ்பேஸுக்குள் வெறுமனே கெட்_ஆப்ஷன் என்று கூப்பிட்டால், முதலில் ஷாப்லிஸ்ட்\கெட்_ஆப்ஷன் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் பொதுவெளிக்கு, அதாவது நேம்ஸ்பேஸ் எதுவும் இல்லாத இடத்துக்குப் போய்த் தேடும். கான்ஸ்டன்ட்டுகளுக்கும் அப்படியே. கிளாஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. டபிள்யூபி_கொயரி என்று எழுதினால் ஷாப்லிஸ்ட்\டபிள்யூபி_கொயரிதான், அத்தோடு முடிந்தது. பிஎச்பியோடு வரும் டேட்டைம், பிடிஓ, எக்செப்ஷன் எல்லாவற்றுக்கும் இதே கதி.

தீர்வு ஒரு பேக்ஸ்லாஷ்: நியூ \டபிள்யூபி_கொயரி. அல்லது மேலே யூஸ் டபிள்யூபி_கொயரி என்று ஒரு வரி. எதைச் செய்தாலும் ஒன்றுதான், ஃபைல் முழுக்க ஒரே மாதிரி செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எரர் வரும் தப்பைவிட எரர் வராத தப்பு ஆபத்தானது. உங்கள் பிளகினில் ட்ரை–கேட்ச் இருக்கிறதா? கேட்ச் (எக்செப்ஷன் $இ) என்று பேக்ஸ்லாஷ் இல்லாமல் எழுதியிருந்தால், பிஎச்பி அதை ஷாப்லிஸ்ட்\எக்செப்ஷன் என்று படிக்கும். அப்படி ஒரு கிளாஸே இல்லை. ஆனால் கேட்ச் வரியில் இருக்கும் பெயரை பிஎச்பி ஆட்டோலோட் செய்து பார்ப்பதில்லை, ‘நாட் ஃபவுண்ட்’ என்றும் சொல்வதில்லை. உண்மையான எக்செப்ஷன் எழும்போது அது உங்கள் கேட்சைத் தொடாமல் தாண்டிப் போய் மொத்தப் பக்கத்தையும் சாய்த்துவிடும். பணம் கட்டும் இடத்தில், மின்னஞ்சல் அனுப்பும் இடத்தில் ‘கேட்ச் போட்டிருக்கிறேனே, ஏன் பிடிக்கவில்லை’ என்று தவிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இன்ஸ்டன்ஸ்ஆஃப்பும் இப்படியே, இல்லாத கிளாஸோடு ஒப்பிட்டால் சத்தமில்லாமல் ஃபால்ஸ் என்று திருப்பிவிடும். பழைய கோடுக்குப் புதிதாக நேம்ஸ்பேஸ் போடுகிறவர்கள், முதல் வேலையாகக் கேட்ச் என்ற சொல்லைத் தேடி ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): என் விண்டோஸ் கணினியில் எல்லாம் ஓடுகிறது. ஹோஸ்டிங் சர்வரில் ஏற்றினால் கிளாஸ் "ஆப்\ஹெல்பர்ஸ்\டேட்ஹெல்பர்" நாட் ஃபவுண்ட். அதிலும் சில பக்கங்களில் மட்டும் வருகிறது, அதுதான் புரியவில்லை. சர்வரில் பிஎச்பி கெட்டுப்போயிருக்குமா?

பதில்: பிஎச்பி நன்றாகத்தான் இருக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பிரச்சினை இது. விண்டோஸில் ஃபைல் பெயரின் முதல் எழுத்து கேப்பிட்டல் டி-யா ஸ்மால் டி-யா என்று பாகுபாடு கிடையாது, மேக்கிலும் சாதாரண அமைப்பில் கிடையாது. லினக்ஸில் அவை இரண்டு வேறு ஃபைல்கள். ஹோஸ்டிங் சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸ்தான். கிளாஸ் பெயர் கேப்பிட்டலில் தொடங்கி, ஃபைல் பெயரோ ஃபோல்டர் பெயரோ ஸ்மாலில் இருந்தால், உங்கள் கணினி கண்டுகொள்ளாது, சர்வர் விடாது.

சில பக்கங்களில் மட்டும் வருவதற்குக் காரணம் கொஞ்சம் நுணுக்கமானது. பிஎச்பி கிளாஸ் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்ப்பதில்லை, பார்ப்பது ஃபைல் அமைப்புதான். ஃபைலும் கிளாஸும் சரியாக கேப்பிட்டலில் இருக்கிறது, ஆனால் ஏதோ ஒரு பக்கத்தில் மட்டும் நீங்கள் டேட்ஹெல்பர் என்பதை அவசரத்தில் எல்லாம் ஸ்மாலில் அடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்தில் அதற்கு முன்பே வேறு கோட் சரியான எழுத்தில் அந்தக் கிளாஸை ஏற்றியிருந்தால், அது நினைவகத்தில் இருக்கிறது, ஸ்மாலில் கூப்பிட்டாலும் ஓடும். முன்பே யாரும் ஏற்றியிராத பக்கத்தில் ஆட்டோலோடர் போய் அந்த ஸ்மால் எழுத்துப் பெயரிலேயே ஃபைலைத் தேடும், கிடைக்காது. அதனால் எரரில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாக ஃபைல் பெயரோடு வைத்து ஒப்பிடுங்கள், எந்த எழுத்து பெரியது எந்த எழுத்து சின்னது என்பது உட்பட.

ஃபைல் பெயர்தான் தப்பு என்றால், திருத்தும்போது கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ஒரு தொல்லை தரும். விண்டோஸில் கிட் இனிட் அல்லது கிட் க்ளோன் செய்யும்போது கோர்.இக்னோர்கேஸ் என்ற அமைப்பு ட்ரூ என்றே பதிவாகும். நீங்கள் எக்ஸ்ப்ளோரரில் பெயரை மாற்றினால், உங்கள் கண்ணுக்கு மாறியிருக்கும், கிட்டுக்கு மாறியிருக்காது, புஷ் செய்தாலும் சர்வருக்குப் பழைய பெயர்தான் போகும். கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் என்று அடித்தால் கிட் எந்தப் பெயரை நம்பிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். மாற்றுவதைக் கிட் எம்வி கட்டளையால் செய்யுங்கள். ஃபோல்டர் என்றால் முதலில் வேறு ஒரு தற்காலிகப் பெயருக்கு மாற்றி, பிறகு சரியான பெயருக்கு மாற்றி, கமிட் செய்யுங்கள்.

கேள்வி (சேலம் வாசகர்): பழைய யூடியூப் பாடத்தைப் பார்த்து லாராவெல் (பிஎச்பி ஃபிரேம்வொர்க்) படிக்கிறேன். எந்த முகவரிக்கு எந்தக் கோட் ஓட வேண்டும் என்று சொல்லும் ரூட் ஃபைலில் அவர் எழுதியபடியே ‘யூசர்கன்ட்ரோலர்@இண்டெக்ஸ்’ என்று எழுதினால் டார்கெட் கிளாஸ் [யூசர்கன்ட்ரோலர்] டஸ் நாட் எக்ஸிஸ்ட் என்கிறது.

பதில்: பாடம் லாராவெல் 8-க்கு முந்தையது. அந்தக் காலத்தில் ரூட்டில் எழுதும் கன்ட்ரோலர் பெயருக்கு முன்னால் ஆப்\எச்டிடிபி\கன்ட்ரோலர்ஸ் என்பதை லாராவெலே ஒட்டிக்கொண்டது. 2020 செப்டம்பரில் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து அப்படி ஒட்டுவதில்லை. மேலே யூஸ் வரியில் முழுப் பெயரைக் கொடுத்துவிட்டு, ரூட்டில் [யூசர்கன்ட்ரோலர்::கிளாஸ், 'இண்டெக்ஸ்'] என்று எழுதுங்கள். அதே பதிப்பில்தான் ஆப்\யூசர் என்பது ஆப்\மாடல்ஸ்\யூசர் ஆனது, அதனால் அந்தப் பாடத்தில் இன்னும் சில இடங்களிலும் இதே போல இடிக்கும். முடிந்தால் புதிய பாடத்துக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): அந்த மாற்றத்தைத்தான் எங்கள் அலுவலக புராஜெக்டில் செய்தோம். மாடல்களை (டேட்டாபேஸ் டேபிள்களைக் கோடில் குறிக்கும் கிளாஸ்களை) எல்லாம் மாடல்ஸ் ஃபோல்டருக்கு நகர்த்தி, நேம்ஸ்பேஸ் மாற்றி, எல்லா யூஸ் வரிகளையும் திருத்திவிட்டோம். கோட் முழுக்கத் தேடியும் ‘ஆப்\போஸ்ட்’ என்ற பெயரே இல்லை. ஆனாலும் கமென்ட் பக்கத்தில் கிளாஸ் "ஆப்\போஸ்ட்" நாட் ஃபவுண்ட். எங்கிருந்து வருகிறது?

பதில்: டேட்டாபேஸிலிருந்து. கமென்ட் டேபிளில் கமென்டபிள்_டைப் என்று ஒரு நெடுவரிசை இருக்கிறதா பாருங்கள். லாராவெலின் பாலிமார்ஃபிக் உறவுகள் (ஒரே டேபிள் பல மாடல்களோடு சேரும் உறவுகள்), எந்த மாடலோடு சேர்ந்த வரி என்பதை முழு கிளாஸ் பெயராகவே அந்த நெடுவரிசையில் எழுதி வைக்கும். நீங்கள் கோடைத்தான் மாற்றினீர்கள், பழைய வரிகள் எல்லாம் இன்னும் ஆப்\போஸ்ட் என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன. முதலில் பேக்கப் எடுத்துக்கொண்டு, ஒரு மைக்ரேஷன் (டேட்டாபேஸை மாற்றும் ஃபைல்) எழுதி அந்த நெடுவரிசையில் பழைய பெயர்களைப் புதியதாக மாற்றுங்கள். இன்னொரு தடவை இப்படி ஆகக் கூடாதென்றால் மார்ஃப்மேப் அமைத்து, கிளாஸ் பெயருக்குப் பதில் ‘போஸ்ட்’ என்ற சின்னப் பெயரைச் சேமிக்கச் சொல்லுங்கள். கிளாஸின் வீட்டு முகவரியை டேட்டாவுக்குள் எழுதி வைப்பது நல்ல பழக்கம் இல்லை.

டேட்டாபேஸ் மட்டும் இல்லை. பின்னணியில் ஓடுவதற்காக க்யூவில் காத்திருக்கும் ஜாப்களும் கிளாஸ் பெயரைச் சுமந்துகொண்டுதான் நிற்கும். ஜாப் கிளாஸுக்கு நேம்ஸ்பேஸ் மாற்றுவதாக இருந்தால், க்யூ காலியான பிறகு டிப்ளாய் செய்யுங்கள், செய்தவுடன் ஜாப்களை ஓட்டும் ஒர்க்கர்களை மறுபடி தொடங்குங்கள். செஷனில் ஆப்ஜெக்டையே வைத்திருந்தால் அங்கே எரர்கூட வராது, அந்த ஆப்ஜெக்ட் முழுமையற்ற கிளாஸ் என்ற பொம்மையாகத் திரும்பி வந்து, நீங்கள் அதன் மெத்தடைக் கூப்பிடும்போதுதான் விழும்.

ஸ்ட்ரிங்காகப் பெயர் எழுதும் எல்லா இடங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு என்பதைக் கவனியுங்கள். $பெயர் = 'போஸ்ட்'; நியூ $பெயர் என்று எழுதினால் மேலே உள்ள யூஸ் வரி அதற்குப் பொருந்தாது, முழுப் பெயர் வேண்டும். போஸ்ட்::கிளாஸ் என்று எழுதினால் முழுப் பெயரை பிஎச்பியே நிரப்பித் தரும், 5.5 பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது.

கேள்வி (சென்னை வாசகர்): இரண்டு எரர்கள். லைவ் சர்வரில் சீடர் (டேட்டாபேஸில் மாதிரித் தரவு நிரப்பும் கோட்) ஓட்டினால் கிளாஸ் "ஃபேக்கர்\ஃபாக்டரி" நாட் ஃபவுண்ட். எக்செல் இறக்கும் இடத்தில் கிளாஸ் "ஜிப்ஆர்க்கைவ்" நாட் ஃபவுண்ட். இரண்டுக்கும் கம்போசர் டம்ப்-ஆட்டோலோடு பலமுறை அடித்துப் பார்த்துவிட்டேன்.

பதில்: இரண்டிலும் டம்ப்-ஆட்டோலோடு (ஆட்டோலோடர் ஃபைல்களைத் திரும்பத் தயாரிக்கும் கட்டளை) உதவாது. பொய்த் தரவு உருவாக்கும் ஃபேக்கர், கம்போசர்.ஜேசனில் ரிக்வயர்-டெவ் பகுதியில் இருக்கும். லைவ் சர்வரில் கம்போசர் இன்ஸ்டால் --நோ-டெவ் என்று ஓட்டுவதே முறை, அப்போது அது நிறுவப்படாது. லைவ் சர்வரில் பொய்த் தரவு தேவையா என்று யோசியுங்கள், தேவையில்லை என்றால் சீடரை அங்கே ஓட்டாதீர்கள்.

ஜிப்ஆர்க்கைவ் பெயரில் பேக்ஸ்லாஷே இல்லை, பார்த்தீர்களா? அது கம்போசர் தரும் கிளாஸ் இல்லை, பிஎச்பியின் ஜிப் எக்ஸ்டென்ஷன் தருவது. அந்த எக்ஸ்டென்ஷன் சர்வரில் இயக்கப்படவில்லை. டெர்மினலில் பிஎச்பி -எம் என்று அடித்துப் பட்டியலில் ஜிப் இருக்கிறதா பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். டெர்மினலில் ஓடும் பிஎச்பியும் வெப்சைட்டை ஓட்டும் பிஎச்பியும் வேறு வேறு பதிப்பாக இருப்பது ஹோஸ்டிங்கில் சகஜம், பிரவுசரில் பிஎச்பிஇன்ஃபோ காட்டுவதே முடிவு. (பார்த்தவுடன் அந்த ஃபைலை அழித்துவிடுங்கள்.) கம்போசர்.ஜேசனின் ரிக்வயரில் "ஈஎக்ஸ்டி-ஜிப்": "*" என்று சேர்த்து வைத்தால், அடுத்த சர்வரில் இன்ஸ்டால் செய்யும்போதே கம்போசர் தடுத்துச் சொல்லிவிடும்.

டம்ப்-ஆட்டோலோடு எப்போது வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். கம்போசர்.ஜேசனின் ஆட்டோலோடு பகுதியைக் கையால் மாற்றினால் வேண்டும். கிளாஸ்மேப் முறையில் (எந்தக் கிளாஸ் எங்கே என்ற பட்டியல்) உள்ள ஃபோல்டரில் புது கிளாஸ் சேர்த்தால் வேண்டும். சர்வரில் -ஓ போட்டு மேப் தயாரித்துவிட்டு, பிறகு ஃபைலை இடம் மாற்றினால் வேண்டும், ஏனென்றால் மேப் பழைய இடத்தையே காட்டும். -ஏ போட்டிருந்தால் மேப்பில் இல்லாத எதையும் ஆட்டோலோடர் தேடாது, புது கிளாஸ் சேர்த்தாலும் வேண்டும். சாதாரண பிஎஸ்ஆர்-4 ஃபோல்டரில் புது கிளாஸ் எழுதியதற்கெல்லாம் வேண்டியதில்லை.

கேள்வி (கோவை வாசகர்): பத்துப் பதினைந்து வருடப் பழைய புராஜெக்ட் கைக்கு வந்திருக்கிறது. நேம்ஸ்பேஸே இல்லை, ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் வரிசையாக இன்க்ளூட். பிஎச்பி 8-க்கு மாற்றினால் பாதிக் கிளாஸ்கள் நாட் ஃபவுண்ட். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நேம்ஸ்பேஸுக்கு மாற்றிவிடலாமா?

பதில்: ஒரே மூச்சில் வேண்டாம். முதலில் பிஎச்பி 8-இல் ஏன் காணாமல் போயின என்று பாருங்கள். கோடில் எங்காவது __ஆட்டோலோட் என்ற ஃபங்ஷன் இருக்கிறதா என்று தேடுங்கள். அது பிஎச்பி 5 காலத்து வழி, 7.2-இல் வேண்டாம் என்று எச்சரித்து 8.0-இல் நீக்கிவிட்டார்கள், இப்போது அதை அறிவிக்கும் ஃபைலே ஃபேட்டல் எரர் சொல்லி நின்றுவிடும். அதன் உள்ளடக்கத்தை அப்படியே எஸ்பிஎல்_ஆட்டோலோட்_ரெஜிஸ்டருக்குள் வைத்தால் இன்றைக்குச் சாயங்காலமே தளம் எழுந்து நிற்கக்கூடும். அது இல்லையென்றால், கேள்விக்குறி மட்டும் உள்ள குறுந்தொடக்கக் குறியோடு ஆரம்பிக்கும் ஃபைல்களைத் தேடுங்கள். ஷார்ட்_ஓப்பன்_டேக் அணைந்திருக்கும் சர்வரில் அந்த ஃபைல் பிஎச்பியாக ஓடாது, வெறும் எழுத்தாகப் பக்கத்தில் கொட்டும், உள்ளே இருக்கும் கிளாஸ் உருவாகவே உருவாகாது.

தளம் நின்ற பிறகு கம்போசரைக் கொண்டுவாருங்கள். பழைய ஃபோல்டரைக் கிளாஸ்மேப் என்று கொடுங்கள், அந்த முறைக்கு நேம்ஸ்பேஸ் தேவையில்லை, ஃபைல் பெயரும் கிளாஸ் பெயரும் பொருந்த வேண்டியதுமில்லை, கம்போசர் எல்லா ஃபைலையும் படித்து எந்தக் கிளாஸ் எங்கே என்று பட்டியல் போட்டுக்கொள்ளும். ஒரே பெயரில் இரண்டு கிளாஸ்கள் இருந்தால் எச்சரிக்கும், பழைய புராஜெக்டில் கட்டாயம் இருக்கும், எது உயிரோடு இருக்கும் கோட் என்று பார்த்து இன்னொன்றை எடுத்துவிடுங்கள். அப்புறம் இன்க்ளூட் வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கலாம். ஒன்று கவனம்: ஃபங்ஷன்கள் மட்டும் உள்ள ஃபைல்களை ஆட்டோலோடர் தேடிப் போகாது, அவற்றை ‘ஃபைல்ஸ்’ பகுதியில் தனியாகக் கொடுக்க வேண்டும்.

புதிதாக எழுதுவதை மட்டும் எஸ்ஆர்சி ஃபோல்டரில், பிஎஸ்ஆர்-4 முறையில், நேம்ஸ்பேஸோடு எழுதுங்கள். பழைய கிளாஸ் ஒன்றைத் தொட்டுத் திருத்த வேண்டி வரும் நாளில் அதையும் புது ஃபோல்டருக்கு நகர்த்தி, பழைய ஃபைல் இருந்த இடத்தில் கிளாஸ்_ஏலியாஸ் வரி ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். ஆனால் அந்த ஒற்றை வரி ஃபைலில் கிளாஸ் எதுவும் இல்லாததால் கிளாஸ்மேப் அதைப் பட்டியலில் சேர்க்காது, அதையும் ‘ஃபைல்ஸ்’ பகுதியில் எழுதிவிடுங்கள். பழைய பெயரைக் கூப்பிடும் கோட் எல்லாம் அதன் மூலம் தொடர்ந்து ஓடும். அந்தப் பெயரைக் கூப்பிடுவார் யாரும் இல்லை என்று தேடிப் பார்த்து உறுதியான பிறகு ஏலியாஸை நீக்கிவிடலாம்.